கரும்புத் தோட்டத்துக் கண்ணீர்

எம் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக் கரும்பு வயல்களைக் கடந்து செல்லுந்தோறும் மகாகவி பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ நெஞ்சில் எழும். பிஜித் தீவில் உழன்ற நம் பெண்டிருக்காக அவர் வடித்த கண்ணீர் அப்பாடல்.

ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்ற கொடிய வாணிகத்தின் தொடர்ச்சியே அத்துயரம். பிரித்தானியரின் கரும்புத் தீவுகளில் அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. ஆலைகளின் பசி ஒழியவில்லை. 1860இல் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சுமந்தது. 1879 முதல் 1916 வரை பிஜிக்குச் சென்ற இந்தியரோ அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

பாடலின் உயர்வு யாதெனில், அப்பெண்டிர் அழுதுரைத்ததைக் கவிஞர் காற்றிடம் கேட்கிறார்; விடை கிடைப்பதில்லை. கேட்க ஆளில்லாத அழுகையை இதனினும் கூர்மையாய் உணர்த்தல் அரிது. ஆயின் ஒரு குறையும் உண்டு. ஆள்பிடித்த தரகனும், ஐந்தாண்டு ஒப்பந்தத் தாளும் பாடலில் இல்லை. துயரம் தெரிகிறது, அதைச் செய்த கை தெரியவில்லை.

அரபியில் அடிமையை ‘ரகபா’ என்றும் சொல்வர். கழுத்து என்பதே நேர்ப்பொருள். பிஜி உழைப்பாளர் தம் ஒப்பந்தத்தைக் ‘கிர்மிட்’ என்றனர். 1920இல் அது நீங்கும்வரை தாளே அவர் கழுத்தில் நுகமாயிற்று. பிள்ளைகளுக்குப் பாடலைக் கற்பிப்போர் இதனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.