படகு கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது: 80ஜி மீது ஒரு குறை

அமெரிக்காவில் பழைய கார், மோட்டார் படகு, ஏன் உல்லாசப் படகான யாட்டைக்கூட அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டு வருமான வரியில் கழிவு கேட்கலாம். நம்ம ஊரில்? முட்டுக்காட்டுப் படகோ, தாம்பரத்தில் வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கும் மாருதியோ, எதைக் கொடுத்தாலும் ஒரு ரூபாய் கழிவு கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 80ஜி பிரிவின் ஐந்தாவது விளக்கம் சொன்னது இதுதான்: நன்கொடை பணமாக இருந்தால் மட்டுமே கழிவு. பங்குகளை நன்கொடையாகக் கொடுத்த ஸ்ரீ ராம வர்மா வழக்கிலும் 1990ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பொருளுக்கு விலை சொல்வது யார்? 2003ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, 54 வாகன நன்கொடைகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கு வாகனங்களில், கொடுத்தவர் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் அறக்கட்டளைக்குக் கிடைத்திருந்தது. மீதி, வரிக் கணக்கில் மட்டும் இருந்த தர்மம்.

ஆனா அவங்க கதவைச் சாத்திடலை. 2004ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அறக்கட்டளை அந்த வண்டியை விற்ற விலைதான் உச்ச வரம்பு. அறக்கட்டளை விற்காமல் தன் வேலைக்கே பயன்படுத்துவது போன்ற சில நேரங்களில் மட்டும் சந்தை மதிப்பு.

நம்ம சட்டத்தின் மேல் என் குறை இதுதான்: விலையில் சந்தேகமே இல்லாத பொருளையும் சேர்த்துத் தள்ளுகிறது. பங்குச்சந்தையில் தினமும் விலை தெரியும். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்காக, பதிவு பெற்ற அமைப்பிடம் பில்லோடு அரிசி மூட்டை கொடுத்தவருக்குக் கழிவு இல்லை. அதே தொகைக்குச் செக் கொடுத்தவருக்கு உண்டு.

"வித்துட்டு பணமா கொடுங்களேன்" என்று கேட்கலாம். பழைய காருக்கு அது சரி. லாபத்தில் இருக்கும் பங்கை விற்றால் மூலதன ஆதாய வரி போக மீதிதான் தர்மத்துக்கு.

புதிய வரி முறையில் 80ஜியே கிடையாது, 2023-24லிருந்து அதுதான் இயல்பான முறை. ஆகவே இது பழைய முறையில் இருப்பவர்களின் பிரச்சினை. அவர்களுக்காவது, விற்ற விலையைக் கழிவாகக் கொடுத்தால் ஏமாற்ற என்ன இடம் இருக்கிறது? அதுவரை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கத்தில் 2000 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் கழிவு இல்லை.