மெழுகும் திருகாணியும்

மின்வீணை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்களிடம் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. பலா மரக் குடத்தின் நாதம் போய்விட்டது என்பது ஒன்று. விமானத்தில் எளிதாகக் கொண்டுபோகலாமே என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுமே கருவியின் உடம்போடு நின்றுவிடுகின்றன. மெட்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். கரித்தூள் கலந்த மெழுகில் அவற்றைப் பதிப்பதை மேளம் கட்டுவது என்பார்கள். அந்த வேலைக்குக் காதுதான் அளவுகோல்: தந்தியை மீட்டிக் கேட்டு, சுருதியோடு சேரும் இடத்தில் மெட்டை நிறுத்துவார்கள். மெழுகு நாளடைவில் இளகி அசையும். மறுபடி கட்ட வேண்டும். ஊரில் அதற்கு ஆள் உண்டு; நாம் வாழும் நகரங்களில் அரிது. மேளம் கலைந்த வீணை வரவேற்பறை அலங்காரமாகிவிடுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நவீன வீணைகள் சில தரும் விடை திருகாணி. மெட்டை வாசிப்பவரே நகர்த்திக்கொள்ளலாம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கும் முறை அப்படியே இருக்கிறது. மின்கருவி கமகத்துக்கு எதிரியல்ல என்பதை யு. ஸ்ரீநிவாஸ் எப்போதோ காட்டிவிட்டார்: மேண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக் கர்நாடக இசையை வாசித்தார். ஆகவே மரபு கெட்டது என்ற புலம்பலை நான் ஏற்கவில்லை.

என் கவலை வேறு. மேளம் கட்டுபவரின் காது இருந்த இடத்தில் இப்போது இருப்பது, பெரும்பாலும், கைபேசியின் சுருதிச் செயலி. அது வழக்கமாக ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாக்கி, 1200 செண்ட் கணக்கில் அளக்கிறது. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் 400இல் நிற்கும். நன்றாகச் சேர்ந்த தம்புராவின் ஷட்ஜத் தந்தியில் தானாக எழும் காந்தாரமோ ஏறத்தாழ 386இல் ஒலிக்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று பழகும் பிள்ளைக்கு இந்த 14 செண்ட் இருப்பதே தெரியாமல் போகும்.

மென்பொருளால் பிழைப்பவன் சொல்கிறேன்: செயலி தன் கணக்கில் சரியாகவே இருக்கிறது. கேட்பது நம் வேலை. பிள்ளைக்கு மின்வீணையே வாங்குங்கள். கூடவே தம்புராவை ஒலிக்கவிட்டு, செயலியை மூடிவைத்து, காந்தார மெட்டை அவளையே நகர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள்.