பறையும் ‘பரையா’வும்

ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி தென்படும் சொற்களுள் ஒன்று ‘பரையா’. ஆங்கிலேயர் இரண்டாம் அசையை அழுத்தி ஒலிப்பர். எவரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்பது அகராதிகள் தரும் பொருள். 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதத்தில் சவூதி அரேபியாவைத் தனிமைப்படுத்துவதைப் பற்றிப் பேசிய ஜோ பைடன் கையாண்டதும் இச்சொல்லையே. சங்கரன்கோவில் வட்டாரத்தில் பயிலும் நம் பிள்ளைகள் இதனை அகராதியில் காணும்போது, இது தம் ஊரார் சிலரின் குலப்பெயர் என்பதை அறிவார்களா?

‘பறையர்’ என்னும் தமிழ்ச் சொல்லே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புகுந்தது. வல்லின றகரம் மெலிந்தது. ஈற்று ரகரம் தேய்ந்தது. ஒலி சிதைவது பெருங்குறையன்று. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ ஆகி, இன்று இரட்டைப் படகைக் குறிக்கிறது. அதனால் எந்த மரத்திற்கும் வலியில்லை. மனிதரின் பெயர் வசையாவதோ வேறு.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தெண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சிறந்த குடியினனாகப் போற்றுகிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டித் தலைநிமிர்ந்தார்.

‘இன்று அது சாதியைச் சுட்டாத பொதுச்சொல் அன்றோ?’ எனச் சிலர் வினவலாம். பேசுவோர் உள்ளத்தில் தீங்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் அவ்வுவமை நிற்பது எதன்மேல்? ஒதுக்கப்படுதல் அம்மக்களின் இயல்பு என்னும் எண்ணத்தின்மேல். விலக்கியோரின் குற்றம் விலக்கப்பட்டோரின் பெயராகிவிட்டது. இதே சொல்லின் மலாய் வடிவமான ‘பாரியா’ இடம்பெற்ற ‘இன்டர்லோக்’ புதினம் மலேசியாவில் பள்ளிப் பாடமானபோது அங்குள்ள தமிழர் வெகுண்டனர். 2011இல் அது திரும்பப் பெறப்பட்டது.

எனினும் ஆங்கிலேயரை மட்டும் நோவதில் நீதியில்லை. சொல்லோடு இப்பொருளையும் அவர்கள் நம் தெருக்களிலிருந்தே கற்றுச் சென்றனர். திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை இந்திய ஆயர்கள் 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒப்புக்கொள்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிவிட்டு அகராதியைத் திருத்தப் புறப்படுவது நமக்கு அழகாகுமா?

ஆதலின் பிள்ளைகள் பொருள் கேட்டால், சொல்லின் வரலாற்றையும் சேர்த்தே சொல்வோம். மொழிபெயர்க்கையில் ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்று எழுதுவோம். பொருளில் குறைவேதும் வராது. பிறர் பெயரைப் பழுதின்றி உச்சரிப்பது நாவின் பயிற்சி; அப்பெயருக்குரியவரைப் பந்தியில் அருகமர்த்துவது நெஞ்சின் பயிற்சி. முன்னதை ஒரு நாளில் கற்கலாம்; பின்னதையோ நாம் இன்னும் கற்று முடிக்கவில்லை.