கள்ளுக்கு ஒரு ஹைட்ரோமீற்றர்

பிரான்சின் பொஜொலே சிவப்பு வைனைப் பற்றி எழுதுகிறவர்கள் கமே திராட்சையில் தொடங்கி, எந்த உணவோடு எவ்வளவு குளிர வைத்துக் குடிப்பது என்பது வரை பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மன்னார்த் தீவின் பனங்கள்ளை 'இனிப்பு', 'புளிப்பு' என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்கு மேலும் சொல்ல நிறைய இருக்கிறது. வைன் செய்கிறவர்களின் கண்ணாடி ஹைட்ரோமீற்றரைக் கள்ளில் மிதக்க விட்டதும் அது கண்ணுக்கே தெரிந்தது.

கருவி மிக எளியது. அடியில் பாரம், மேலே கோடு போட்ட மெல்லிய தண்டு. தண்ணீரில் ஒப்படர்த்தி 1.000 காட்டும், சீனி கரைந்திருந்தால் மேலெழும்பி நிற்கும். பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அளவுகோலை வைன்காரர்கள் இன்றும் கையாளுகிறார்கள். சாற்றில் ஒரு போமே இருந்தால், நொதித்து முடிந்ததும் ஏறத்தாழ ஒரு வீதம் மதுசாரம் என்பது அவர்கள் கணக்கு. நொதிக்காத பனஞ்சாற்றில் சீனி சுமார் 12 வீதம் என்றால் கருவி 1.048 காட்டும், அது போமேயில் 7க்குச் சற்றுக் குறைவு. வைன் திராட்சைச் சாறு 12ஐயும் தாண்டும். ஆக, கள்ளு பிறப்பிலேயே மென்மையானது.

சிக்கல் தொடக்கப் புள்ளியில்தான். திராட்சைச் சாற்றை நொதிக்குமுன் அளக்கலாம். கள்ளோ பாளையில் கட்டிய முட்டிக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அதே மரத்தில் சுண்ணாம்பு தடவிய முட்டியொன்றைக் கட்டச் சொல்லி, அதில் நொதிக்காமல் சேரும் கருப்பநீரை முதலில் அளக்க வேண்டும். அது 1.048, கள்ளு 1.018 என்றால், வித்தியாசத்தை 131ஆல் பெருக்க மதுசாரம் சுமார் 4 வீதம். சுண்ணாம்பு சிறிது கூட்டிக் காட்டும். வீட்டுத் தேவைக்கு அது பெரிய பிழையல்ல.

மன்னார் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கருவி பெரும்பாலும் 20 பாகைக்கு அளவிடப்பட்டது. 30 பாகையில் 0.002 அளவு குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். நுரைக் குமிழிகள் தண்டில் ஒட்டித் தூக்கிவிடும் என்பதால் கள்ளை இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஆற்றியபின் ஊற்றி, கருவியை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு வாசிக்க வேண்டும். இரண்டு சொட்டிலேயே சீனியை அளக்கும் ரிஃபிரக்ரோமீற்றர் கருப்பநீருக்கு அருமை. கள்ளுக்கு வேண்டாம், மதுசாரம் கலந்தால் அதன் கணக்குப் பிசகும்.

இனிச் சாப்பாடு. காலையில் இறக்கிய கள்ளு 1.030க்கு அருகில் நிற்கும்போது, உறைப்பான நண்டுக் கறிக்கு அதைவிடப் பொருத்தமான துணையை நான் அறியேன். மிச்சமிருக்கும் சீனி உறைப்பைத் தணிக்கிறது. 13 வீத வைன் அதே உறைப்பைக் கிளறிவிடும். சிவப்பு வைனிலுள்ள இரும்பு கடலுணவோடு சேர்ந்தால் வாயில் மீன் வெடுக்கு தங்குவதும் உண்டு. கள்ளோடு எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. 1.020க்கு இறங்கும்போது நுரை உச்சத்தில் இருக்கும். பொரித்த சூடை மீனுக்கு அது நல்லது, அப்ப மாவைப் பொங்க வைக்க அதைவிட நல்லது. பின்னேரம் 1.010க்குக் கீழே போய்ப் புளிப்பு முந்தும்போது கணவாய்ப் பிரட்டலையும் கருவாட்டுக் குழம்பையும் எடுங்கள். கொழுப்பையும் உப்பையும் அந்தப் புளிப்பு வெட்டிக் கொடுக்கிறது. மறுநாள் வினாகிரி வாடை வந்துவிட்டால் ஊறுகாய்க்கு ஊற்றிவிடலாம்.

கருவிக்கு வரம்பும் உண்டு. சீனி இறங்குவதைக் காட்டும், புளிப்பைக் காட்டாது. கழுவாத முட்டியிலிருந்து வந்த கள்ளும் நல்ல எண்ணைக் காட்டக்கூடும். அதற்கு மூக்கும் நாக்கும் வேண்டும், சீவல் தொழிலாளியின் அனுபவமும் வேண்டும்.

வாங்கலாமா? தவறணையில் ஒரு பிளா குடித்துவிட்டு வருகிறவருக்குத் தேவையில்லை. கள்ளைப் போத்தலில் அடைக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், கடலுணவோடு கள்ளைப் பரிமாற நினைக்கும் அனுமதி பெற்ற விடுதிகளுக்கும் கட்டாயம் தேவை. 1.000 முதல் 1.060 வரை மட்டும் அளக்கும் நீண்ட தண்டுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கோடுகள் அகலமாக இருக்கும், வாசிக்க இலகு. கண்ணாடி எளிதில் உடையும் என்பதால் இரண்டாக வாங்குங்கள்.