சிந்தாமணிக்குப் பொருள் சொன்ன வீடு

தமிழ்த்துறைகளின் இன்றைய நிலை பற்றிப் பேச்சு வந்தாலே "உ.வே.சா. காலத்துப் புலமை எங்கே" என்று பெருமூச்சு விடுவது நம்ம ஊர் வழக்கம். அந்தப் புலமை எப்படி வேலை செய்தது என்று 'என் சரித்திர'த்தைத் திறந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

1880ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை மடத்தில் பழகியவர். அன்றைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. அந்த அக்டோபரில் அவர் சந்தித்த சேலம் இராமசாமி முதலியாரோ தமிழ் வாத்தியார் இல்லை, ஊருக்கு வந்திருந்த முன்சீப். இவர் அடுக்கிய அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைப் பட்டியல் அவரை அசைக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. பிறகு பிரதியையும் அவரே கொடுத்தார்.

பிரதி வந்தது, பொருள் வரவில்லை. சிந்தாமணி சமணக் காப்பியம். அதிலும் உரையிலும் வரும் சமணக் கருத்துகளை மடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அதே கும்பகோணத்தில் சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சந்திரநாத செட்டியார் வீட்டுக்குப் போனால் வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம்? மாதக்கணக்காகச் சிந்தாமணி வாசித்து வந்தோம், இன்றைக்கு நிறைவு என்கிறார்கள்!

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். புலவர்கள் படிக்காமல் விட்ட மூவாயிரத்துச் சொச்சம் பாட்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் வரிவரியாக வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உ.வே.சா. போய் உட்கார்ந்து கேட்டார். அவருக்கு இருந்த ஆர்வத்தைப் பார்த்து, 'பவ்ய ஜீவன்' போலிருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்மணி ஒருவர் சொன்னாராம். முத்திக்குத் தகுதியான உயிர் என்று பொருள். 1887ல் பதிப்பு வந்தது.

இதற்கு முன்னோடியும் உண்டு. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை, அவர் சமண நூல்களைக் கற்றுவிட்டு வந்து மறுபடி எழுதினார் என்று ஒரு செவிவழிக் கதை. நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு கதையைச் சொல்லிப் பாதுகாத்த வாசகர்களுக்குத் தங்கள் உரிமை தெரிந்திருக்கிறது. (எங்கள் துறையில் இதற்கு கோட் ரிவ்யூ என்று பெயர். நிராகரித்தால் யாரும் கதை கட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பதிப்பு வந்ததும் பிழை சொல்லிக் கண்டனத் துண்டுப் பிரசுரமும் வந்தது. உ.வே.சா. மறுப்பு எழுதினார். அதே கல்லூரியின் சாது சேஷையர் தடுத்துவிட்டார்: இதற்கெல்லாம் பதில் சொல்லப் புகுந்தால் வேலை நடக்காது. நல்ல யோசனை. ஆனால் இதுவே ஒரு துறையின் பழக்கமாகிவிட்டால்? வசையையும் திருத்தத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடலாம், வசதி. பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பாட்டைக் காட்டி, சொல்லைக் காட்டி, மாற்றுப் பொருளுக்குக் காரணமும் சொல்கிறவர் எவரோ அவர் பேச்சைக் கேட்கலாம். ஆளைப் பற்றியே பேசுகிறவரை விட்டுவிடலாம். சிந்தாமணி 1907ல் திருந்திய இரண்டாம் பதிப்பாக வந்தது, 20 வருஷம் கழித்து. அந்த மனுஷன் காது கொடுப்பதை நிறுத்தவில்லை.

இன்றைய வாசல்காவல் எதைப் பார்க்கிறது? பட்டம், துறை, பத்திரிகை எந்தப் பட்டியலில் இருக்கிறது. 2018ல் யூஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியல் வந்தது, 2025ல் அதையும் கைவிட்டார்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. சந்திரநாத செட்டியார் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். கரந்தையிலும் தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சமணக் கோயில்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சிந்தாமணியில் ஆய்வுப் பட்டம் வாங்குகிறவர் அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சமணம் மட்டுமில்லை. நாமகள் இலம்பகத்து நாட்டுவளத்தில், நெற்பயிரைச் சூல்கொண்ட பச்சைப் பாம்போடு ஒப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. உரை படித்தால் உவமை புரியும். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா போடுகிறவரிடம் சொல்லுங்கள், "தொண்டைக்கதிர்" என்று சட்டென்று சொல்வார்: கதிர் வெளியே வராமல், மேல் இலையின் உறைக்குள் தண்டு உப்பி நிற்கும் பருவம். கதிர் வெளியே வந்ததும் நிமிர்ந்து நிற்கும், பால் பிடித்து முற்றினால் தலை சாயும். பாட்டும் அதே வரிசையில்தான் போகிறது. திருத்தக்கதேவர் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார்.