பிடிக்க வைக்கும் வீச்சு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அல்டிமேட் என்னும் ஃபிரிஸ்பீ அணி ஆட்டம் பார்க்க நிற்பவர்கள் நீண்ட வீச்சுக்காகக் காத்திருப்பார்கள். மணலில் பாய்ந்து விழுந்து ஒற்றைக் கையால் டிஸ்க்கைப் பறிப்பவருக்குக் கைதட்டல் நிச்சயம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சற்றுத் தள்ளி, ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு யாராவது ஃபிரிஸ்பீ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால் என் கண் அங்கேதான் போகும். அங்கேயும் பிள்ளையை அல்ல, சொல்லிக் கொடுப்பவரின் கையைத்தான் பார்ப்பேன். ஒரு குழந்தையால் பிடிக்க முடிகிற மாதிரி டிஸ்க்கை வீசுவதுதான் இந்த விளையாட்டிலேயே நுணுக்கமான வேலை. அதற்கு யாரும் பாயிண்ட் கொடுப்பதில்லை.

பலத்தைக் காட்ட நினைப்பவரால் இந்த வீச்சை வீச முடியாது. டிஸ்க்கில் வேகம் குறைவாக இருக்க வேண்டும், சுழற்சி மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். சாதாரணமாக ஒருவருக்குக் கை வேகமாகப் போனால்தான் மணிக்கட்டும் வேகமாகத் திரும்பும். கையை அடக்கிவிட்டு மணிக்கட்டை மட்டும் உசுப்புவது பல நாள் பழக்கத்தில் வருவது. அப்படி வீசிய டிஸ்க் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகும். பிள்ளைக்கு ஒரு முழம் முன்னால் வேகம் தீர்ந்து, அந்தரத்தில் ஒரு கணம் தயங்கி, நெஞ்சு உயரத்துக்கு இறங்கும். பிள்ளை கையை நீட்டினால் போதும்.

மூக்குத் தூக்கலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுக்கத் தட்டையாக வரும் டிஸ்க், எதிரே நிற்பவர் கண்ணுக்கு வெறும் கோடாகத்தான் தெரியும். பெரியவர்களுக்கு அந்தக் கோடு போதும், தூரத்தைக் கணித்துவிடுவார்கள். குழந்தைக்குப் போதாது. முன்விளிம்பு லேசாக உயர்ந்திருந்தால் டிஸ்க்கின் அடிவயிறு தெரிகிறது, கோடு வட்டமாகிறது, நெருங்க நெருங்க அந்த வட்டம் பெரிதாகிறது. எப்போது கை நீட்டுவது என்பது பிள்ளைக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. நல்ல கோச் மணலில் முழங்காலிட்டு வீசுவதும் இதற்காகத்தான். ஆறடி உயரத்திலிருந்து சரிந்து வரும் டிஸ்க்கின் முதுகைத்தான் பிள்ளை பார்க்கும், பயமும் கூடும்.

புதிதாகப் பாட வந்த பிள்ளைக்கு மிருதங்கம் வாசிக்கும் மூத்த வித்வான், அந்தப் பிள்ளையின் காலப்பிரமாணத்தோடு ஒட்டி நடந்து, நன்றாகப் பாடினோம் என்ற எண்ணத்தோடு மேடையிலிருந்து இறங்க வைப்பார். அவருடைய வித்தை முழுவதும் அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. முழங்காலிட்டு வீசும் கோச்சும் அந்த ஜாதிதான்.

பந்தை விட டிஸ்க் குழந்தைக்கு நல்லது என்பது என் கட்சி. பந்து கையை விட்டதுமே அதன் கணக்கு முடிந்துவிடும். வளைந்து மேலே போய், அதே வளைவில் கீழே வரும். டிஸ்க் ஓர் இறக்கை. அதன் முதுகு வளைவைக் காற்று தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் அந்தத் தாங்கல் நடுவில் விழாமல் சற்று முன்னால் விழுவதால், சுழலாத தட்டு மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் அடித்துவிடும். சுழலும் தட்டில் அதே விசை பக்கவாட்டுச் சாய்வாக மாறி மெதுவாகத்தான் வேலை செய்யும். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், வீசிய டிஸ்க், வேகம் குறையும்போது கடைசியில் இடப்பக்கம் ஒதுங்குவது இதனால்தான். பார்க்கவும் யோசிக்கவும் இரண்டடி நகரவும் பிள்ளைக்கு நேரம் கிடைக்கிறது. டென்னிஸ் பந்தை நான்கு தடவை தவறவிட்டு அழுத பிள்ளை, டிஸ்க்கை இரண்டாவது தடவையிலேயே பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தட்டு இவ்வளவு சாதுவாகப் பறக்கப் பல வருஷங்கள் ஆனது. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஃபிரிஸ்பி பேக்கரியின் காலித் தகரத் தட்டுகளை யேல் மாணவர்கள் எறிந்து விளையாடினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கலிஃபோர்னியாவில் ஃப்ரெட் மாரிசனும், பிறகு அவருக்கு மனைவியான லூசிலும் சாண்டா மோனிகா கடற்கரையில் கேக் தட்டை வீசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் அதற்கு 25 சென்ட் தருவதாகக் கேட்டார். கடையில் அதன் விலை 5 சென்ட். மாரிசனுக்குத் தொழில் பிடிபட்டது அங்கேதான். 1948இல் பிளாஸ்டிக் தட்டு, 1955இல் புளூட்டோ பிளாட்டர் என்று படிப்படியாக வடிவத்தை மெருகேற்றிக்கொண்டே வந்தார். 1957இல் வாம்-ஓ நிறுவனம் அதை வாங்கி ஃபிரிஸ்பீ என்று பெயரிட்டது. அதே நிறுவனத்தில் வேலைக்கு வந்த எட் ஹெட்ரிக், 1964இல் எடையைக் கூட்டி முதுகில் வரிவரியாக வளையங்கள் போட்டார். ஆட்டம் குறைந்தது, திசை நிலைத்தது. பேக்கரித் தட்டு கடைசிவரை பொம்மையாகவே இருந்திருந்தால் இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருக்காது.

சரி, பிடிப்பதற்கு வருவோம். ஒரு உள்ளங்கை மேலே, ஒன்று கீழே. தட்டு நடுவில் வந்ததும் ‘பட்’டென்று மூட வேண்டும். பெரியவர்கள் இதைப் பேன்கேக் கேட்ச் என்பார்கள். பிள்ளைகளிடம் ‘முதலை வாய்’ என்று சொன்னால் போதும், கை தானாகத் திறந்துகொள்ளும். விளிம்பை விரலால் கவ்வும்போது, சுழற்சி தட்டைக் கையிலிருந்து உதைத்துத் தள்ளப் பார்க்கும். இரண்டு உள்ளங்கைகளின் உராய்வு அந்தச் சுழற்சியை அப்படியே விழுங்கிவிடும். விரல் நுனியில் அடிபடும் வாய்ப்பும் குறைவு. முதல் நாளே விரல் நுனியில் அடிபட்ட பிள்ளை அதற்கப்புறம் தட்டு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை மாற்ற ஒரு மாதம் போதாது.

விளிம்புப் பிடி பிறகு வரட்டும். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல் கீழே, இடுப்புக்குக் கீழே வந்தால் கட்டைவிரல் மேலே என்ற பாடத்தைச் சிலர் முதல் வகுப்பிலேயே ஒப்பிக்க வைக்கிறார்கள். ஆறு வயதுக்கு எதற்கு இலக்கணம்? “கண்ண மூடாத, தட்டயே பாரு” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத கோச்களிடம் பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

வீசுவதில் பிள்ளைகளின் முதல் இடைஞ்சல் அவர்களுடைய உற்சாகம். முழுக் கையையும் உடம்பைச் சுற்றி ஓட்டி, தோளிலிருந்து எறிவார்கள். தட்டு கையை விட்டு விலகும் நேரம் தாமதமாகி, பக்கத்தில் நிற்கும் அம்மாவை நோக்கிப் போகும். இல்லையென்றால் வெளி விளிம்பு உயர்ந்துபோய், வலப்பக்கம் சாய்ந்து மணலில் உருண்டோடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பக்கவாட்டில் நின்று, வீசும் தோளை இலக்குக்குக் காட்டி, முழங்கையை அடக்கி, வெளி விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, மணிக்கட்டை மட்டும் உதற வேண்டும். “எறியாத, உதறு” என்று ஒரு கோச் சொல்லக் கேட்டேன். நான்கு பக்க விளக்கம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. சுழற்சி சரியா என்று கேட்க வேண்டியதே இல்லை. தட்டின் நடுவிலுள்ள எழுத்து கலங்கித் தெரிந்தால் சரி, படிக்க முடிந்தால் இன்னும் உதற வேண்டும். இந்தச் சோதனையைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள்: “டேய், உன் எழுத்து தெரியுதுடா!”

நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வீசவே கற்றுக்கொடுக்காமல் உருட்டக் கற்றுக்கொடுப்பவர்களை நான் இன்னும் ஒரு படி மேலே வைப்பேன். தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, ஈரமணலில் சக்கரமாக ஓட விட வேண்டும். மணிக்கட்டு உதறல் உள்ளபடியே வந்துவிடுகிறது. தவறினால் யார் முகத்திலும் படாது. துரத்தி ஓடுவதில் பாதி வகுப்பு போய்விடும், போகட்டும்.

எதிரே நின்று காட்டிக் கொடுக்கும் கோச்சிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிள்ளை அவரைக் கண்ணாடியாகத்தான் பார்க்கும். கோச் வலது கையால் வீசினால் பிள்ளையின் இடது கை எழும். அதனால் காட்டிக் கொடுக்கும்போது மட்டும் இடது கைக்கு மாறிக்கொள்ளும் கோச்கள் உண்டு. அவர்கள் பழக்கமில்லாத கையால் வீசுவது அவ்வளவு அழகாக இருக்காது. எனக்கு அந்த அழகின்மை பிடிக்கும்.

நேரமும் முக்கியம். சென்னையில் வெயில் ஏற ஏறக் கடற்காற்று உள்ளே வரும். எதிர்காற்றில் டிஸ்க் ஜிவ்வென்று மேலே ஏறிவிடும், பின்காற்றில் பொத்தென்று விழும். இரண்டுமே கற்றுக்கொள்ளும் பிள்ளையைக் குழப்பும். அதிகாலையில் காற்று ஓய்ந்திருக்கும், மணலும் சுடாது. மாலையில்தான் வகுப்பு வைக்க முடியும் என்றால், காற்றுக்குக் குறுக்கே வரிசையை நிறுத்துவதாவது வேண்டும்.

பிடிக்கவும் வீசவும் வந்த பிறகு ஆட்டம். அல்டிமேட் 1968இல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட்டில், கொலம்பியா உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் உண்டாக்கியது. அதில் நடுவர் கிடையாது. ஃபவுல் என்றால் பட்டவர் சொல்ல வேண்டும், எதிராளி ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். பெரியவர்கள் இதைப் பெரிய தத்துவமாகப் பேசுகிறார்கள். பிள்ளைகளோ “நான்தான் இடிச்சேன், நீயே வச்சுக்கோ” என்று அரை நொடியில் முடித்துவிட்டு அடுத்த வீச்சுக்குப் போய்விடுகிறார்கள். சென்னைக் கடற்கரையில் பையன்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுவது எப்போதோ சாதாரணமாகிவிட்டது. சென்னை அணியான ஃபிளை வைல்டைப் பற்றி ‘175 கிராம்ஸ்’ என்று ஒரு குறும்படமே இருக்கிறது. அல்டிமேட் டிஸ்க்கின் எடைதான் அதன் தலைப்பு.

அந்த எடை சின்னக் கைகளுக்கு அதிகம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் 175 கிராம் டிஸ்க்கைக் கொஞ்ச நாள் பரணில் வையுங்கள். ஆறு வயதுக்குத் துணியிலோ ஃபோமிலோ செய்த தட்டு போதும். எட்டு, ஒன்பதுக்கு மேல் 145 கிராம் ஜூனியர் டிஸ்க். பொம்மைக் கடைகளில் தொங்கும், விளிம்பே இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் தட்டை மட்டும் வாங்காதீர்கள்; அது யார் வீசினாலும் தள்ளாடும், பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். மூன்று மீட்டர் தள்ளி முழங்காலிடுங்கள். போனை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். முதல் வீச்சை உங்களுக்குத் தெரிந்ததிலேயே மெதுவாக வீசுங்கள்.