முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: எதை முதலில் பார்ப்பது?

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு, ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் பாயும் இரண்டு உலோகத் தகடுகள். வீடுகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக இருக்கும் சாதாரண கீபோர்டில் இவை கிடையாது. எல்லா விசைகளுக்கும் பொதுவாக ஒரு ரப்பர் விரிப்பும், அதன் கீழே மின்தடம் அச்சிட்ட மெம்பிரேன் தாள்களும் மட்டுமே இருக்கும். ரப்பர் குமிழ் மடிந்து தாளை அழுத்தினால்தான் எழுத்து விழும். ஆகவே ஒவ்வொரு முறையும் விரல் ஏறக்குறைய அடிவரை இறங்க வேண்டும். நாளடைவில் ரப்பர் தளர்ந்து, அதிகம் புழங்கும் விசைகள் தொளதொளத்துப் போகும்.

மெக்கானிக்கல் சுவிட்சில் தண்டு இறங்கும் தூரம் பொதுவாக 4 மில்லிமீட்டர். அதில் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடுகிறது. பழகிய கை அடியில் மோதாமலேயே அடுத்த விசைக்குத் தாவிவிடும். ஆண்டுகள் கடந்தாலும் ஒவ்வொரு விசையும் ஒரே மாதிரி இயங்கும். செர்ரி நிறுவனம் தன் சிவப்பு சுவிட்சின் ஆயுளாக 10 கோடி அழுத்தங்களைக் குறிப்பிடுகிறது. பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்பவரும் மணிக்கணக்கில் விளையாடுபவரும் ஒரே கருவியை நாடுவதற்கு இவைதான் காரணங்கள்.

முதன்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் சுவிட்சின் நிறத்தில் தொடங்குகிறார்கள். சிலர் மின்னும் விளக்குகளில் தொடங்குகிறார்கள். சரியான வரிசை வேறு. முதலில் கீபோர்டின் அளவு, அடுத்து சுவிட்ச், பிறகு சுவிட்சை மாற்றும் வசதி, கடைசியாக மற்றவை. எந்தச் சுவிட்ச் தன் விரலுக்கு ஒத்துவரும் என்பது சில வாரங்கள் பயன்படுத்திய பிறகே ஒருவருக்குத் தெரியவரும். அதனால் முதல் தேர்வைப் பின்னால் திருத்திக்கொள்ள இடம் தரும் கீபோர்டே முதல் கீபோர்டாக இருக்கத் தகுந்தது.

அளவு

முழு அளவு கீபோர்டில் 104 விசைகள் உண்டு. வலது ஓரத்தில் எண்களுக்கான தனிப் பகுதி இருக்கும். பில் போடுதல், டேலி, எக்செல் என்று நாள் முழுதும் எண் அடிப்பவருக்கு அது கட்டாயம் தேவை. மற்றவர்களுக்கு அது மவுசை வலப்புறம் தள்ளிவைக்கும் தடை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் மவுசை மேசையின் குறுக்கே நீளமாக இழுக்க வேண்டியிருப்பதால், எண் பகுதி இல்லாத 87 விசைக் கீபோர்டு விளையாடுபவர்களிடையே பரவியது. இதை டி.கே.எல். என்பார்கள்.

75 சதவீத அளவில் மேலே உள்ள எஃப் விசைகளின் வரிசையும் அம்புக்குறிகளும் அப்படியே இருக்கும். இடைவெளிகள் மட்டும் நெருக்கப்பட்டிருக்கும். 65 சதவீதத்தில் எஃப் வரிசை இல்லை. 60 சதவீதத்தில் அம்புக்குறிகளும் போய் 61 விசைகள் எஞ்சும். அம்புக்குறி வேண்டுமானால் எஃப்.என். விசையோடு சேர்த்து இன்னொன்றை அழுத்த வேண்டும். கட்டுரையோ நிரலோ எழுதுபவருக்கு இது தொல்லை. எழுத்து, விளையாட்டு இரண்டுக்கும் ஒரே கீபோர்டு போதும் என்பவருக்கு டி.கே.எல். அல்லது 75 சதவீதம் பொருந்தும்.

தமிழில் எழுதுபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கும் வருகின்றன. ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் உள்ளன. ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். 60 சதவீதம் வரை இந்த விசைகள் அதனதன் இடத்தில் இருக்கும். 40 சதவீதக் குட்டிக் கீபோர்டுகளில் இவற்றுள் பல இரண்டாம் அடுக்குக்குப் போய்விடுவதால், 'செய்' என்று அடிக்கவே கூடுதல் விசை தேவைப்படும். தமிழ்99 பழகியவர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. விசைகளின் மேல் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைக் கணினியின் மென்பொருளே தீர்மானிக்கிறது.

சுவிட்ச்

இன்றைய சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி, செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். வரிசை. 1953இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த நிறுவனம் பின்னர் ஜெர்மனியில் வேரூன்றியது. எம்.எக்ஸ். காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது, வகைகள் பெருகின. செர்ரி வைத்த நிறப் பெயர்களையே மற்றவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்.

சிவப்பு, லீனியர் வகை. மேலிருந்து கீழ்வரை தடையின்றி வழுக்கி இறங்கும். செர்ரியின் சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். விசையின் மேல் ஏறக்குறைய 45 கிராம் எடை வைத்தது போல. வேகமான விளையாட்டுக்கு ஏற்றது. தட்டச்சில், விரல் தவறி உரசினாலும் எழுத்து விழுவது புதியவருக்குத் தொந்தரவாக இருக்கும்.

பிரவுன், டாக்டைல் வகை. இறங்கும் வழியில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். எழுத்து பதிவானதை விரல் அதிலிருந்து அறிந்துகொள்ளும். அழுத்தம் 55 சென்டிநியூட்டன். சத்தம் மிதமானது.

நீலம், கிளிக்கி வகை. மேட்டோடு சேர்ந்து 'டிக்' என்ற கூர்மையான ஒலியும் எழும். அழுத்தம் 60 சென்டிநியூட்டன். பதிவாகும் ஆழம் 2.2 மில்லிமீட்டர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய கைகளுக்கு இந்த ஒலி மிகவும் பிடிக்கும். குறைகள் இரண்டு. ஒன்று, அந்தச் சத்தம் அடுத்த அறைவரை போகும். இரவில் விளையாடும்போது மைக் வழியாக மறுமுனையில் இருப்பவருக்கும் கேட்கும். மற்றொன்று, பதிவாகும் புள்ளியைவிட விடுபடும் புள்ளி மேலே இருப்பதால், ஒரே விசையை அடுத்தடுத்து வேகமாகத் தட்ட விரலைக் கூடுதலாக உயர்த்த வேண்டும். விளையாட்டில் இது உணரக்கூடிய பின்னடைவு.

செர்ரியின் சில்வர் சுவிட்ச் 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகும். காகிதத்தில் வேகமாகத் தெரிந்தாலும், தட்டச்சில் வேண்டாத எழுத்துகளை அது வாரி இறைக்கும். முதல் கீபோர்டுக்கு அது வேண்டாம்.

தமிழ்99 முறையில் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறும் வலக்கைச் சுண்டுவிரலுக்கு வருகின்றன. கையிலேயே வலுக்குறைந்த விரலுக்கு இத்தனை வேலை இருப்பதால், தமிழில் அதிகம் எழுதுபவருக்கு 60 சென்டிநியூட்டனுக்கு மேற்பட்ட கனமான சுவிட்சுகள் ஒத்துவராது. இலகுவான டாக்டைலோ லீனியரோ நல்லது.

ஹாட்-ஸ்வாப்

பழைய முறையில் சுவிட்சுகள் சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால்கூட ஈயப் பற்றை உருக்கி எடுக்க வேண்டும். ஹாட்-ஸ்வாப் கீபோர்டில் பலகையில் சிறு சாக்கெட்டுகள் உண்டு; சுவிட்சை இடுக்கியால் பிடுங்கி எடுத்து, வேறொன்றைச் செருகிவிடலாம். சிவப்பு பிடிக்கவில்லை என்றால் புதிய கீபோர்டு வாங்க வேண்டியதில்லை, சுவிட்சுகளை மட்டும் மாற்றினால் போதும். முதன்முறை வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

வாங்குமுன் உறுதி செய்ய வேண்டியவை சில. சாக்கெட் மூன்று முள் சுவிட்சை மட்டும் ஏற்குமா, ஐந்து முள் சுவிட்சையும் ஏற்குமா என்று பார்க்க வேண்டும். ஐந்தையும் ஏற்பதே நல்லது. மலிவான சில கீபோர்டுகளின் சாக்கெட்டுகள் ஒரே நிறுவனத்தின் மெல்லிய முள் கொண்ட சுவிட்சுகளுக்கு மட்டுமே பொருந்தும். செருகும்போது முட்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, செங்குத்தாக அழுத்த வேண்டும். சாய்வாக அழுத்தினால் முள் மடங்கி, அந்த விசை வேலை செய்யாது.

விளையாட்டுக்கான கணக்குகள்

விசைகள் வரிசையும் நெடுவரிசையுமாகப் பின்னிய மின்தடத்தில் இணைகின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நான்காவது மூலையில் உள்ள விசையும் அழுத்தப்பட்டதாகக் கணினிக்குத் தோன்றும். மலிவான கீபோர்டுகள் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மூன்றாவது விசையையே புறக்கணித்துவிடும். ஓடிக்கொண்டே குதித்து, குனிந்து, துப்பாக்கியை நிரப்பும்போது இது காலை வாரும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். பெட்டியில் என்-கீ ரோலோவர் என்று போட்டிருந்தால் எத்தனை விசைகளையும் ஒருசேர அழுத்தலாம். ஆறு விசை ரோலோவரும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும்.

கணினிக்குச் செய்தி அனுப்பும் வேகம் போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் நிற்கிறது. ஆகவே 1000 ஹெர்ட்ஸ் போதுமானது. 8000 ஹெர்ட்ஸுக்காக முதல் கீபோர்டில் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கம்பியில்லாமல் விளையாட வேண்டுமானால் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புளூடூத் எழுதுவதற்குச் சரி. வேகமான விளையாட்டுக்குத் தாமதமானது.

அண்மைக்காலத்தில் காந்த சுவிட்சுகள் பரவியுள்ளன. தண்டில் காந்தமும் பலகையில் ஹால் எஃபெக்ட் சென்சாரும் இருப்பதால், உலோகத் தகடுகள் தொட வேண்டியதில்லை. எந்த ஆழத்தில் விசை பதிவாக வேண்டும் என்பதைப் பயனரே வைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இவற்றில் புகழ்பெற்றது. இவற்றில் உள்ள ரேபிட் டிரிகர் வசதி, விரல் சற்று மேலே எழுந்ததுமே விசையை விடுவித்துவிடும். கவுன்ட்டர்-ஸ்டிரைக் போன்ற விளையாட்டுகளில் சட்டென நின்று சுட இது உண்மையிலேயே உதவுகிறது. எதிரெதிர் திசை விசைகளை ஒருசேர அழுத்தும்போது எதை ஏற்பது என்று கீபோர்டே தீர்மானிக்கும் வசதி வேறு வகை. அதை வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடைசெய்தது. போட்டிகளில் தீவிரமாக இறங்குபவருக்குக் காந்த சுவிட்ச் பொருத்தம். எழுத்தும் வேண்டும் என்பவர், காந்த சுவிட்சுகள் பெரும்பாலும் லீனியர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். காந்த சாக்கெட்டில் சாதாரண சுவிட்ச் வேலை செய்யாது.

கீகேப், ஸ்டெபிலைசர், உயரம்

விசைகளின் மேல்மூடியான கீகேப்புகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ்., பி.பி.டி. என்ற இரு பிளாஸ்டிக்குகளில் வருகின்றன. ஏ.பி.எஸ். சில மாதங்களில் எண்ணெய் பூசியது போலப் பளபளத்துவிடும். பி.பி.டி. சொரசொரப்பை நீண்டகாலம் காக்கும். டபுள் ஷாட் முறையில் எழுத்து தனிப் பிளாஸ்டிக்காக வார்க்கப்படுவதால் அழியவே அழியாது.

ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீண்ட விசைகள் சாயாமல் இறங்கத் தாங்கும் கம்பி அமைப்பே ஸ்டெபிலைசர். ஒரு கீபோர்டின் தரத்தை ஸ்பேஸ் பாரின் ஓரத்தைத் தட்டியே கண்டுகொள்ளலாம். கடகடவென்று கம்பி ஆடும் ஓசை வந்தால் தயாரிப்பில் அக்கறை குறைவு.

மெக்கானிக்கல் கீபோர்டுகள் பெரும்பாலும் உயரமானவை. பின்னங்கால்களை நிமிர்த்தினால் மணிக்கட்டு இன்னும் மேல்நோக்கி வளையும். கால்களை மடக்கிவைத்து, தேவையானால் முன்புறம் கையணை வைப்பதே மணிக்கட்டுக்கு நல்லது.

இரண்டு கீபோர்டுகள், இரண்டு பயன்கள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் டி.வி.எஸ். கோல்டு, இந்திய அலுவலகங்களிலும் டி.டி.பி. மையங்களிலும் நெடுங்காலமாகப் புழங்கும் மெக்கானிக்கல் கீபோர்டு. முழு அளவு, கிளிக்கி சுவிட்ச், நீடித்த உழைப்பு. நாளெல்லாம் எழுத்தும் எண்ணும் அடிக்கும் மேசைக்கு இது இன்றும் தகுதியானது. சுவிட்சுகள் பற்றவைக்கப்பட்டவை, சத்தமும் அதிகம், எண் பகுதி மவுசின் இடத்தைப் பிடிக்கும். விளையாட்டுக்காகவும் தேடுபவருக்கு இது சரிவராது.

கீக்ரான் வி1 மற்றொரு வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கம்பியோடு இணையும் 75 சதவீதக் கீபோர்டு. ஐந்து முள் ஹாட்-ஸ்வாப், டபுள் ஷாட் பி.பி.டி. கீகேப்புகள், 1000 ஹெர்ட்ஸ் வேகம். கியூ.எம்.கே., வியா மென்பொருள்களால் எந்த விசையின் வேலையையும் மாற்றி, அந்த அமைப்பைக் கீபோர்டின் நினைவகத்திலேயே சேமிக்கலாம். வேறு கணினியில் செருகினாலும் மாற்றம் அப்படியே இருக்கும். எழுத்தையும் விளையாட்டையும் ஒருசேரத் தாங்கும் முதல் கீபோர்டு ஏறத்தாழ இப்படித்தான் இருக்க வேண்டும். பட்ஜெட் குறைவானவர், கம்பியில்லா வசதியையும் விளக்குகளையும் விட்டுக்கொடுக்கலாம். ஹாட்-ஸ்வாப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

வாங்கியதும் செய்ய வேண்டியவை

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு விசையையும் சோதிக்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறதா, மெதுவாக அழுத்தினாலும் பதிவாகிறதா, நான்கைந்து விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எதுவும் விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹாட்-ஸ்வாப் கீபோர்டில் ஒரு விசை மட்டும் இயங்காவிட்டால் சுவிட்சைக் கழற்றி முள்ளைப் பார்ப்பதே முதல் வேலை. பெரும்பாலும் அது மடங்கியிருக்கும். கீகேப்பைக் கழற்றக் கம்பி இடுக்கியையே பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் வளையம் ஓரங்களைக் கீறும்.

புதிய கீபோர்டில் முதல் சில நாள்கள் பிழைகள் கூடுவது இயல்பு. இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பிறகும் கை வலித்தாலோ வேண்டாத எழுத்துகள் விழுந்தாலோ, அப்போது சுவிட்சை மாற்றலாம். தவறான எழுத்து விழுந்தால் சற்றுக் கனமானதை, விரல் சோர்ந்தால் இலகுவானதை, எழுத்து பதிவானது தெரியாவிட்டால் டாக்டைலைத் தேர்ந்தெடுக்கலாம்.